வாசற்கதவின் காந்தமும் காலின் மெட்டியும்

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி நீண்டு, தெற்கே ஒரகடம் வரை பரவிக் கிடக்கும் ஆலைப் பிரதேசத்தில், ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் பெண்கள், இரண்டு தூண்களும் மேலே ஒரு குறுக்குச் சட்டமுமாக நிற்கும் வாசலின் வழியே ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகிறார்கள். மெட்டல் டிடெக்டர் என்று எல்லோரும் பெயரறிந்த அந்தச் சாதனம் எதைக் கண்டு ஒலிக்கிறது, எதைக் காணாமல் மௌனமாயிருக்கிறது என்பதை அதனுள் தினந்தோறும் நடந்துபோகிறவர்களுக்கே எவரும் விளக்கிச் சொல்வதில்லை.

வெறும் பலகையாகத் தோன்றும் அந்தத் தூண்களுக்குள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. பொதுவாக, ஒரு தூணின் சுருளில் விநாடிக்குச் சில ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுவதால், வாசலின் இடைவெளி முழுவதும் ஓயாது அலையும் காந்தப் புலம் நிறைந்து நிற்க, எதிர்த் தூணின் சுருள் அதை இடைவிடாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் உலோகப் பொருள் வந்தவுடன் அதனுள் மின்னோட்டங்கள் சுழித்தெழுந்து, தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. வாங்கும் சுருளுக்கு வந்து சேரும் அலை அதனால் சற்றே குன்றியும் சற்றே தாமதித்தும் வருகிறது. அந்த சூக்ஷ்மமான வித்தியாசத்தை அளந்து, விளக்கை எரியவும் மணியை ஒலிக்கவும் செய்வது குறுக்குச் சட்டத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. காவலர் கையிலுள்ள சிறு கருவியிலும் சுருள், பெட்டி, பாட்டரி, ஒலிப்பான் ஆகிய இவையே சுருங்கி அமைந்திருக்கின்றன.

எல்லா உலோகமும் ஒரே விதமாக விடை சொல்வதில்லை. இரும்பு காந்தக் கோடுகளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். வெள்ளி, தங்கம், செம்பு ஆகியவை காந்தத்துக்கு வசப்படாவிட்டாலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அவற்றில் சுழல் மின்னோட்டம் வலுவாக எழும். காந்தத்துக்கும் வசப்படாமல், மின்சாரத்தையும் நன்கு கடத்தாத சில வகைத் துருவேறா எஃகே கண்டுபிடிக்கச் சிரமமானது. உருவமும் முக்கியம். முனைகள் இறுகச் சேர்ந்த வளையத்தில் மின்னோட்டம் முழு வட்டமாக ஓடும். விரலுக்கேற்ப நெகிழ்த்துவதற்காக இடைவெளி விட்ட மெட்டியில் அந்த வட்டம் அறுபட்டுப்போவதால், அதே எடை வெள்ளியாயிருந்தும் ஒலி தணிந்துவிடலாம்.

இந்தச் சாதனத்தின் ஆதி சரித்திரத்திலேயே ஒரு தோல்வி இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடி, டெலிபோனால் கீர்த்தி பெற்ற அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் சுருள்களைக் கொண்டு ஒரு கருவி செய்து எடுத்துச் சென்றார். படுக்கையின் எஃகுக் கம்பிகள் குழப்பியதும், மருத்துவர் காட்டிய பக்கத்திலேயே தேட நேர்ந்ததும் சேர்ந்து, குண்டு அகப்படவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்தார். அந்தப் படுக்கைக் கம்பிகளின் தொல்லை இன்றும் தீர்ந்தபாடில்லை. கான்கிரீட் தரைக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் வாசற்கருவியின் அடிப்பகுதியைக் கலக்குகின்றன. மெட்டி அணிந்த கால் கடந்துபோவதும் அந்த அடிப்பகுதியைத்தான்.

கருவி எவ்வளவு சிறிய உலோகத்துக்கு ஒலிக்க வேண்டும் என்று வைக்கப்படும் அளவை உணர்திறன் என்கிறோம். ஆலைகளில் சென்சிட்டிவிட்டி என்றே வழங்குகிறது. தலை, மார்பு, இடுப்பு, கால் என உயரத்துக்கேற்பப் பிரித்து, ஒலித்த இடத்தைத் தூணில் விளக்கேற்றிக் காட்டும் பகுதிகளுக்கு ஜோன் என்று பெயர். 1991 மே 21 இரவு இதே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைப் பலிகொண்ட குண்டில் எஃகுச் சன்னங்கள் நிறைந்திருந்தன. அத்தகைய ஆயுதங்களைத் தேடும் வாசலுக்கு வைக்கும் அளவு வேறு, உள்ளங்கையில் மறையும் மின்னணு உறுப்பு வெளியே போகாமல் காக்கும் ஆலை வாசலுக்கு வைக்கும் அளவு வேறு. பின்னதை மிகவும் உயர்த்தி வைத்தால், உடையின் கொக்கியும் காலின் மெட்டியும் தாலியும் எல்லாமே ஒலிக்கும்.

2024 ஜூன் மாதத்தில் இந்த ஆபரணங்கள் தேசத்தின் கவனத்துக்கு வந்தன. இதே பிரதேசத்தில் ஐபோன்களைப் பொருத்தி உருவாக்கும் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பது தவிர்க்கப்படுகிறது என்றும், அவர்கள் அணியும் உலோக நகைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன என்றும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. பாக்ஸ்கான் இதை மறுத்து, உலோகம் அணியலாகாது என்னும் பாதுகாப்பு விதி ஆண், பெண், மதம் என்ற பேதமின்றி யாவருக்கும் பொது என்றது. ஜூலையில் ஆலைக்குச் சென்ற தொழிலாளர் துறை அதிகாரிகளிடம், 41,281 ஊழியரில் 33,360 பேர் பெண்கள் என்றும், அவர்களுள் சுமார் 2,750 பேர் மணமானவர்கள் என்றும் தெரிவிக்கப்பட்டது. நுண்ணிய மின்சுற்றுக்களின் அருகே உலோகம் கூடாது என்பதில் நியாயம் உண்டு. அந்த நியாயம் மோதிரமணிந்த ஆடவனுக்கும் அதே அளவில் பொருந்தும். மெட்டி ஒலிக்கிறது என்பது அந்த மெட்டியைக் குறித்த செய்தியே அன்றி, அதை அணிந்தவளுடைய தகுதியைக் குறித்த செய்தி அன்று என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கருவியை அறிந்தவர்களுக்கு வழிகளும் உண்டு. ஜோன்கள் தனித்தனியாக உள்ள வாசல்களில் காற்பகுதியின் அளவை மட்டும் திருத்தி வைக்கலாம். ஒலித்த இடத்தைப் பெண் காவலர் ஒருவர் திரையின் மறைவில் கைக்கருவியால் மறுபடி பார்க்கலாம். எலும்பில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டவர்களும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்களும் அதை முன்கூட்டியே சொல்லி, வாசலைத் தவிர்த்து வேறு விதச் சோதனையைக் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் எடையும் உலோகமும் தெரிந்த ஒரு சோதனைத் துண்டைத் தலை, இடுப்பு, கணுக்கால் ஆகிய மூன்று உயரங்களிலும் கொண்டுசென்று பார்த்து, கிடைத்த விடையைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் ஆலையில், நேற்று மௌனமாயிருந்த மெட்டி இன்று ஏன் ஒலித்தது என்று ஒரு பெண் கேட்டால், அந்தப் பதிவேட்டைப் புரட்டி அவளுக்குப் பதில் சொல்ல முடியும்.