செருப்பை எடுக்காதீர்கள்

கல்குவாரிக் குட்டையில் பையன் மூழ்கிவிட்டான் என்று தகவல் வந்ததும் நம் ஊர்களில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். கூடக் குளித்த நண்பர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். பாறை மேல் கிடந்த செருப்பையும் சட்டையையும் யாரோ ஒரு நல்லவர் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நாலு இளைஞர்கள் ‘நான் பார்க்கிறேன்’ என்று குதிப்பார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி ஒருவர் குட்டை முழுக்க இழுப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போகும். வந்து இறங்கும் வீரர் கேட்கும் முதல் கேள்வி: “எந்த இடத்தில் மூழ்கினான்?” பத்துப் பேர் பத்துத் திசையில் கை காட்டுவார்கள்.

தேங்கிய தண்ணீரில் மூழ்கிய உடல் வெகுதூரம் போவதில்லை. ஆழம் 40 அடி என்றால், மூழ்கிய இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 40 அடிக்குள் கிடக்கும் என்பது முக்குளிப்பவர்களின் கைக்கணக்கு. நடுப்புள்ளி தெரிந்தால் அங்கே எடை கட்டிய கயிற்றை இறக்குவார்கள். அடியில் அதில் இன்னொரு கயிற்றை மாட்டிப் பிடித்தபடி முக்குளிப்பவர் வட்டமாகச் சுற்றி வருவார். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றைக் கையெட்டும் அளவு நீட்டி அடுத்த சுற்று. சேறு கலங்கிய தண்ணீரில் விளக்கு உதவாது. தடவித்தான் பார்க்க வேண்டும். மேலே இருப்பவரோடு பேச்செல்லாம் கயிற்றை இழுக்கும் எண்ணிக்கையில்தான். பாதாளக் கரண்டியால் அடிச்சேற்றைக் கிளறி வைத்தவர் இவ்வளவையும் கெடுத்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே, பார்த்தவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. குமரிக் கடற்கரை மீனவர்கள் கடலுக்கடியில் உள்ள ‘பார்’ என்னும் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்க ‘கணியம்’ பார்ப்பார்கள்: இந்த மலை உச்சியும் அந்தக் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். அதையே செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்து, மூழ்கிய புள்ளியும் எதிர்க்கரைப் பனைமரமும் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம். வேறொரு இடத்தில் நின்று பார்த்தவர் இருந்தால் அவரும் ஒரு படம். செருப்பு, சட்டை, சோப்பு டப்பா எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். போலீஸ் வரும்வரை யாரும் தொடக் கூடாது.

நீச்சல் தெரியும் என்று பின்னாலேயே குதிக்காதீர்கள். 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது, வழிக்கயிறு போட்டுக்கொண்டே உள்ளே போன பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டார்கள். நான்கே நாளில், குகைக்குள் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் இறந்துபோனார். தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் நீர்க்குகையில் 1994 முதல் கிடந்த ஓர் உடலை எடுக்க 2005-இல் இறங்கிய டேவிட் ஷா, சுமார் 270 மீட்டர் ஆழத்தில் தானும் உயிர்விட்டார். இவர்கள் பழுத்த அனுபவசாலிகள். நம் குவாரிக் குட்டையில் செங்குத்துப் பாறை, அறுந்த கம்பி, முள், ஜில்லென்ற அடித்தண்ணீர் என்று எல்லாம் உண்டு.

112 அல்லது 101-ஐ முதல் நிமிடத்திலேயே அழையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. தேடல் இழுத்துக்கொண்டு போனால், அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையை அழைக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

இனி, நான் அதிகம் பயப்படுகிற விஷயம். உடல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

காவல் நிலையத்தில் பெரும்பாலும் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். ‘குட்டை எங்கள் எல்லையில் இல்லை’ என்பதும் உண்டு. விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். புகாரில் ‘காணவில்லை’ என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எந்தக் குட்டையில், யார் கண்ணெதிரே மூழ்கினார், கரையில் என்னென்ன கிடந்தன என்று எழுதுங்கள். ஓடிப்போன நண்பர்களைக் கையோடு கூட்டி வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், வெறுமனே காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் அனுமானிக்க ஏழு ஆண்டு ஆக வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 111. ஆனால் அது சாட்சி இல்லாதவருக்கான வழி. மூழ்கியதைப் பார்த்த சாட்சி இருந்தால் மரணத்தை நிரூபித்து உரிமையியல் நீதிமன்றத்தில் முன்பே தீர்ப்புக் கேட்கலாம். அங்கே பேசப்போவது முதல் மணி நேரத்தில் எடுத்த அந்தப் படமும், அந்தச் செருப்பும், அந்த வாக்குமூலமும்தான். அம்மாவின் அலமாரிக்குப் போன செருப்பை எந்த மகஜரிலும் சேர்க்க முடியாது.

இன்னொன்று. அந்த ஏழு ஆண்டும் ஆயுள் காப்பீட்டுத் தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள். ‘ஆளே இல்லை, எதற்குக் கட்டுவது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். ஏழு ஆண்டு அனுமானம் மரணத்துக்குத்தானே தவிர, காணாமல் போன தேதியிலேயே இறந்தார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது என்று எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவில் பாலிசி காலாவதியாகியிருந்தால் கையை விரித்துவிடுவார்கள். மறுபடியும் சொல்கிறேன், தவணையை நிறுத்தாதீர்கள்.

உடல் கிடைத்துவிட்டால் வேறொரு தவறு நடக்கிறது. ‘பையனை அறுக்க விடமாட்டோம்’ என்று அன்றே எரித்துவிடுகிறார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவின்படி காவல் துறை விசாரணை நடந்தே தீர வேண்டிய மரணம் இது. உங்கள் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் உண்டு. நீரில் மூழ்கிய மரணம் என்றால் போலீசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று மூன்றையும் வைத்து 30 நாளுக்குள் வங்கியில் படிவம் கொடுத்துவிடுங்கள்.

இறப்பைப் பதிவு செய்ய வேண்டியது இறந்த ஊரில், சொந்த ஊரில் இல்லை. கிராமம் என்றால் அந்த ஊர் வி.ஏ.ஓ.விடம். 21 நாளுக்குள் கட்டணம் கிடையாது. ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும், அலைச்சல் பலமடங்கு.

அந்தக் குட்டைக்கு வேலி இல்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு மனு, கனிமவளத் துறைக்கு ஒரு நகல். மனு எண் எழுதிய ரசீதை வாங்காமல் மேஜையை விட்டு நகராதீர்கள்.