ஆட்டக்காரருக்கு ஏற்ற கல்லூரி எது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் எங்கள் கோபர்கைரனேத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: எந்தக் கல்லூரி? ஓட்டத்திலோ பந்தாட்டத்திலோ திறமை காட்டும் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டால் அப்பேச்சு வாக்குவாதமாகவே மாறிவிடும். “படிப்பா, ஆட்டமா?” என்பார் தந்தையார். மூன்றாண்டுகளாகப் பல்கலைக் கழக மாணவனாக ஓடிவரும் எனக்கு இக்கேள்வியே பிழையாகத் தோன்றுகிறது.

வெங்கடராகவன் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றவர். இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமையும் தாங்கியவர். அதே கல்லூரியில் மின்பொறியியல் பயின்ற ஸ்ரீகாந்தும் பின்னாளில் அணித்தலைவரானார். அஸ்வின் படித்ததும் பொறியியலே. இரண்டும் ஒருவரிடத்தே கூடும், நண்பர்களே! எத்தகைய கல்லூரியில் கூடும் என்பதன்றோ கேள்வி?

1951-ஆம் ஆண்டில் நடந்ததொன்றைக் கேளுங்கள். டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன் அப்போது பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுவர். கல்லூரி மாணவர்க்கென்றே நடைபெற்ற பெர்ட்ரம் பந்தயத்தில் அவர் ஆடுவதற்குச் சென்னை லயோலாக் கல்லூரி முதல்வர் தனி அனுமதி அளித்தார். சிறுவர் வென்றும் காட்டினார். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டமும் அவர் கைக்கு வந்தது. கல்லூரி தேடுவோர் முதலில் தேட வேண்டியது அப்படியொரு முதல்வரைத்தான்.

எப்படிக் கண்டறிவது? அங்கே ஆடும் மூத்த மாணவர்களைக் கேளுங்கள். பந்தய நாளும் செய்முறைத் தேர்வும் மோதியபோது என்ன நடந்தது? நூற்றுக்கு 75 வருகைப் பதிவு வேண்டும் என்னும் விதி இருக்க, பந்தயத்துக்குச் சென்ற நாள்களை எப்படிக் கணக்கிட்டார்கள்? வாய்மொழியாகத் தரும் வாக்கு ஜூன் மாதத்தில் இனிக்கும். மார்ச்சில் எவருக்கும் நினைவிராது. எழுதி வாங்குவதே நன்று.

கண்ணாடிப் பேழையில் மின்னும் கோப்பைகளைக் கண்டு மயங்க வேண்டாம். நான் பார்க்கச் சென்ற ஒரு கல்லூரியில் கோப்பைகள் இருந்தன. மைதானத்தில் மோட்டார் வண்டிகள் நின்றன!

அடுத்தது தொலைவு. மாதுங்காவின் கால்சாக் கல்லூரியும் ரூயாக் கல்லூரியும் விளையாட்டில் பேர்பெற்றவை. தாராவி மாணவர்க்கு அவை பக்கத்து வீடு போல. எங்களுக்கோ வாஷியிலும் குர்லாவிலும் ரயில் மாற வேண்டும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு நான்கு மணிக்கே எழ வேண்டும். இரவு பத்துக்குப் படுப்பவனுக்கு ஆறு மணி நேர உறக்கந்தான். உறங்காத கால் எப்படி ஓடும்? தொலைவுக் கல்லூரியையே விரும்பினால் விடுதி உண்டா என்று விசாரியுங்கள். இல்லையேல் அருகிலுள்ள சிறிய கல்லூரியே மேல் என்பேன்.

எந்தப் பல்கலைக் கழகம் என்பதையும் கவனிக்க வேண்டும். நெரூலின் டி.ஒய். பாட்டீல் தனிப் பல்கலைக் கழகம். அதன் மாணவர் மும்பைப் பல்கலைக் கழக அணியில் இடம்பெற இயலாது. மும்பைப் பல்கலைக் கழகத்திலோ நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் மாணவர் ஒரே அணிக்குப் போட்டியிடுவர். ஓட்டக்காரருக்கு இதனால் பெரிய தொல்லையில்லை. கடிகாரம் கல்லூரிப் பெயரைக் கேட்பதில்லை. கபடி, கிரிக்கெட் ஆடுவோர் நிலை வேறு. மூன்றாண்டும் பலகையில் உட்கார்ந்து பிறர் ஆடுவதைப் பார்ப்பதைவிட, முதலாண்டிலேயே களமிறங்கும் இடம் நல்லது.

பயிற்சிக்கு நேரம் கிடைக்குமென்று அஞ்சல்வழிக் கல்வியை நாடுவோரும் உளர். பல்கலைக் கழகங்களுக்கிடையிலான பந்தயங்களில் முழுநேர மாணவரே ஆடலாம் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பம் வாங்குமுன் ஒரு வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு அக்கல்லூரி மைதானத்துக்குச் சென்று பாருங்கள். பயிற்சியாளர் வந்திருக்கிறாரா? எத்தனை பேர் ஆடுகிறார்கள்? அணித்தலைவரிடம் பேசுவதோடு நில்லாமல், கடந்த ஆண்டு காயமுற்று வெளியே உட்கார்ந்தவரையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள்.