வேலியோரத்துக் கரட் இலை

வளவு வேலியோரம் கரட் இலை போல இலை விரித்து நிற்கும் செடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்டில் நெடுக வரி, மெல்லிய சுணை. நுனியில் கொத்தமல்லி விதை அளவில் வெள்ளைப் பூ. அதில் ஐந்து மூலை துருத்தும். அதுதான் பார்த்தீனியம், சூரியகாந்திக் குடும்பம். 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வவுனியாவுக்கு வந்ததாகச் சொல்வார்கள்.

வரட்சிக்கு அசையாது. மழை விழுந்தால் நாலைந்து கிழமையில் பூக்கும். ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் போடக்கூடியது. பூக்க முன்னம், மண் ஈரமாய் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். வெறுங்கையால் தொடவே வேண்டாம், தோல் கடிக்கும், சிலருக்கு இழுப்பும் வரும். மாடு தின்றால் பால் கசக்கும்.