கண்ணாடித் தாழ்வாரமும் கத்திரி வெயிலும்

எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில் கண்ணாடி போட்டோம். தூசி வராது, சாரல் அடிக்காது, பகலில் விளக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். மேலே தகரக் கூரை, மேற்கே பார்த்து வரிசையாகக் கண்ணாடிச் சன்னல்கள். மார்கழிக் குளிரில் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வது அத்தனை சுகம்! ஏரியூரில் வந்தவர் போனவரெல்லாம் "ஷோக்கா இருக்கே" என்றபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை அடுத்து வந்த சித்திரையில் அடங்கிற்று.

தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் இரண்டு மாதக் குழந்தையோடு எங்களிடம் இருந்தாள். வெளிச்சமாக இருக்கட்டுமே என்று தூளியைக் கண்ணாடித் தாழ்வாரத்திலேயே கட்டினேன். ஒரு நாள் பகல் மூன்று மணி இருக்கும். "அம்மா, பையன் பாலே குடிக்க மாட்டேங்கறான், உடம்பு அனலா கொதிக்குதும்மா" என்று மகள் அலறினாள். ஓடிப் போய்த் தொட்டேன். குழந்தை துவண்டு கிடந்தான். நாலு நாளாக உடம்பெல்லாம் வேர்க்குரு இருந்தும் நான் பெரிதாக நினைக்கவில்லையே! உள்ளறைக்குத் தூக்கிப் போய், துணியைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா நன்றாகச் சோதித்துவிட்டு, குழந்தை எங்கே படுக்கிறான் என்று கேட்டார். சொன்னேன். "இது காய்ச்சல் இல்லேம்மா. உங்க தாழ்வாரம்தான் புள்ளையை வேக வெச்சிருக்கு" என்றார். "ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணி குடுத்தா சரியாப் போயிருக்கும்" என்று என் மாமியார் சொன்னதற்கும் பதில் கிடைத்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். வெயில் காலத்தில் அதையே அடிக்கடி கொடுக்க வேண்டுமாம். தூளியைத் துணி போட்டு மூடவும் கூடாதாம்.

சூடு எப்படிச் சேருகிறது?

வெயிலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே வந்து தரையையும் சாமான்களையும் சுட வைக்கிறது. அவை கக்கும் அனல் அதே கண்ணாடி வழியே வெளியே போவதில்லை. சூடான காற்றுக்கும் போக வழி இல்லை. நான் உள்பக்கம் கெட்டித் திரை போட்டிருந்தேன். வெயில் உள்ளே வந்த பிறகு திரை போட்டு என்ன பயன்? திரையே சூடாகி அறைக்குள் அனலடித்தது.

நாங்கள் செய்தவை

முதலில், வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தினோம். மாலை வெயில் சாய்வாக வருவதால் கூரையை நீட்டினால் மட்டும் போதாது. சன்னலுக்கு ஒரு முழம் தள்ளி மூங்கில் தட்டியைச் சுருட்டி இறக்கும்படி தொங்கவிட்டோம். அதற்கும் முன்னால் பந்தல் போட்டு அவரையும் பாகலும் ஏற்றினேன். நிழலும் ஆச்சு, குழம்புக்குக் காயும் ஆச்சு!

இரண்டாவது, கூரை. தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, உதிர்ந்துவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். மொட்டை மாடி உள்ளவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம். அகமதாபாத் நகரில் 2017 முதல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை பூசி வருகிறார்கள். நம் தமிழக அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததே, வெயில் லேசான விஷயமா?

மூன்றாவது, காற்றுக்கு வழி. சூடான காற்று மேலே போகும். அதனால் கூரைக்குக் கீழே இரண்டு கண்ணாடிகளை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தோம். நிழல் பக்கம் தாழ்வாக ஒரு சன்னல் திறந்திருக்கும். வெளியே அனல் வீசும் பகலில் வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி, இரவில் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். மின்விசிறி காற்றைக் குளிர வைக்காது. வேர்வையை உலர்த்துவதால்தான் நமக்குக் குளிர்ச்சி. அடைத்த அறையில் அது சூட்டைத்தான் சுழற்றும்.

கடைசியாக வெட்டிவேர்த் தட்டி. நனைத்துக் காற்று வரும் பக்கம் கட்டினால் எங்கள் வறண்ட காற்றுக்கு நன்றாகவே குளிரும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அத்தனை பலன் இராது. மேட்டூர் அணையின் நீர் பக்கத்து நாகமரை வரை நிற்கிறது என்றுதான் பேர்; வீட்டுத் தண்ணீருக்குக் கோடையில் கணக்குதான். காய்கறி, அரிசி கழுவிய நீரை வடிகட்டி மூங்கில் தட்டிக்குத் தெளிக்கிறேன்; வெட்டிவேருக்கு மட்டும் நல்ல தண்ணீர். வாளியில் மிச்சம் வைக்காதீர்கள், கொசு முட்டையிடும்.

இந்தச் சித்திரையில் பேரன் அதே தாழ்வாரத்தில் தத்தித் தத்தி நடக்கிறான். ஆனாலும் பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை அங்கே குழந்தையைத் தூங்க விடுவதில்லை. இளம் தாய்மார்களே, குழந்தையைப் படுக்க வைக்கும் இடத்தில் மதியம் மூன்று மணிக்கு நீங்கள் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால், வாய் திறந்து சொல்லத் தெரியாத அதற்கு எப்படித் தாங்கும்?