தீவனமும் குலமும்

ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே வயது. ஆயினும் ஒரு கால்நடை கொழுப்பேறித் திரள்கிறது. மற்றொன்று தசை மட்டுமே திரண்டு நிற்கிறது. இதன் காரணம் யாது என்று சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் நம்மை வினவுவதுண்டு. தீவனம் ஒரு காரணம். பிறப்பு மற்றொரு காரணம்.

தசைநார்களுக்கிடையே இன்னதென முதிராத உயிரணுக்கள் சில உள்ளன. பி.பி.ஏ.ஆர். காமா என்னும் மரபணு அவற்றுள் விழித்துச் செயற்படின், அவை கொழுப்பைச் சேமிக்கும் உயிரணுக்களாக மாறுகின்றன. ஜப்பானியக் கறுப்பு மாட்டின் இறைச்சியில் பளிங்கின் வரிகளைப்போல் வெண்கொழுப்பு ஓடுவது, தசைக்குள்ளேயே இவ்வுயிரணுக்கள் மிகுவதனாலாகும்.

2003ஆம் ஆண்டில் ஸ்வீடன், பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பன்றியிடத்தே ஒரு வியப்பைக் கண்டனர். ஐ.ஜி.எப்.2 என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. அம்மரபணுவை அடக்கிவைக்கும் புரதம் வந்து பற்றும் இடம் அது. எழுத்து மாறவே புரதம் பற்ற இயலவில்லை. பிறந்த பின் தசையில் அம்மரபணுவின் வேலை மும்மடங்காயிற்று. தசை பெருகியது, முதுகுக் கொழுப்பு குறைந்தது. இதனினும் விந்தை, தந்தைவழி வந்த பிரதியே இங்ஙனம் வேலை செய்கிறது. தாய்வழி வந்தது உறங்கிக் கிடக்கிறது. ஆதலின் பொலி ஆணின் இரு பிரதிகளிலும் இம்மாற்றம் இருப்பின், அதன் குட்டிகள் யாவும் இக்குணத்தைக் காட்டும்.

ஆனால் கொழுப்பற்ற இறைச்சியே மேன்மை எனக் கண்ணை மூடிக்கொண்டு அதன் பின் செல்லலாகாது. பெல்ஜிய நீல மாட்டில் மயோஸ்டாட்டின் மரபணு 11 எழுத்துக்களை இழந்து பழுதுற்றிருப்பது 1997இல் அறியப்பட்டது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் அம்மரபணு. கடிவாளம் அறவே தசை இரட்டித்தாற்போல் பெருகியது, கொழுப்பு அருகியது. கூடவே கன்று பருத்தது. தாயின் பேறுவழியோ குறுகியது. பெரும்பாலான கன்றுகளை வயிற்றைக் கீறியே எடுக்க வேண்டியதாயிற்று. சந்தையில் கண்ட லாபம் தாய்க்கு நோவாய் முடிந்தது.

ஆகவே அங்கத்தினர்களே, எடை ஒன்றையே நோக்கிப் பொலி ஆணைத் தேர்தல் போதாது. தந்தை இன்னதென்பதும், குட்டிகளின் வளர்ச்சியும், தாய் ஈனும் எளிமையும் ஏட்டில் எழுதப்பெறல் வேண்டும். ஒருவர் தம்மிடமுள்ள இரண்டொரு குட்டிகளைக் கொண்டு குலத்தின் குணத்தைக் கணித்தல் அரிது. பலருடைய ஏடுகள் ஒன்றுசேரின் எளிது. பலர் கூடிச் செய்வதன் பயன் இதுவன்றோ!