விளையாட்டும் ஜீவனமும்

பச்சைமலைக்குக் கிழக்கேயுள்ள வேப்பந்தட்டைக்கு ஒரு காரியமாகச் சென்றிருந்தோம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அப்பிரதேசத்தில், பொழுது சாயும் வேளையில், ஊர்ப்புறத் திடலொன்றில் வாலிபர்கள் கபடி பழகிக்கொண்டிருந்தனர். நின்று பார்த்துக்கொண்டிருந்த நம்மிடம் ஒரு விவசாயி வந்து, “ஐயா, தாங்கள் சட்டம் படித்தவர்கள். அதோ பாடிப் போகிறானே, அவன் என் பையன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். படிப்பை நிறுத்திவிட்டுக் கபடியிலேயே இறங்குகிறேன் என்கிறான். கோடி ரூபாய்க்கு ஆட்டக்காரர்களை ஏலம் எடுக்கிறார்களாமே; விட்டுவிடலாமா, கூடாதா?” என்று கேட்டார். அப்பொழுதே பதில் கூற நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு தகப்பனாரின் கேள்வி மட்டுமன்று அது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இன்று எழும் கேள்வி. ஆகவே பொதுஜனங்களின் முன்னிலையில் அதை ஆராய விரும்புகிறோம்.

கபடியை நம்பி வாழ்ந்தவர் எவரேனும் உண்டா என்று முதலில் பார்ப்போம். தஞ்சை ஜில்லா திருச்சனம்பூண்டி கிராமத்தில் 1975-ம் வருஷம் பிறந்த தர்மராஜ் சேரலாதன் என்பவரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. பாடி வருபவரை மடக்கிப் பிடிப்பதில் வல்லவர் அவர். புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைப் போட்டி 2014-ல் ஆரம்பமானபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் புதிய களத்தில் இறங்கினார். 2016-ல் பாட்னா அணி அவருடைய தலைமையிலேயே வெற்றிக் கோப்பையைப் பெற்றது. அவ்வருஷம் அக்டோபர் மாதம் ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஈரானை 38-க்கு 29 என்ற கணக்கில் வென்ற இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். 2019-ல், 44-வது வயதில், ஹரியானா அணிக்குத் தலைமை தாங்கினார். இளம் ஆட்டக்காரர்கள் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தனர். உடலைப் பேணும் ஒழுக்கமும், ஆட்டத்தை அறிந்த புத்தியும் ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் இவ்வரலாற்றில் மற்றொரு பாடமும் அடங்கியிருக்கிறது. சேரலாதனின் வாலிபப் பருவம் முழுவதும் அத்தகைய லீக் ஒன்று இருந்ததே இல்லை. 1990-ல் பீகிங் நகரத்து ஆசிய விளையாட்டுக்களில் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் தென்பாண்டிச் சீமையைச் சேர்ந்த மணத்தி கணேசன் ஆடினார். மறு வருஷம் அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அக்காலத்து ஆட்டக்காரர்களைத் தாங்கியவை யாவை? ரயில்வே, போலீஸ், மின்சார வாரியம், பாங்குகள் ஆகிய ஸ்தாபனங்கள் தந்த உத்தியோகங்களே. ஆட்டம் புகழைத் தந்தது. உத்தியோகம் சோற்றைத் தந்தது. முழங்கால் தளர்ந்த பிறகும் மாதச் சம்பளம் நிற்கவில்லை.

இன்றைய நிலைமையோ வேறு. 2022-ல் பவன் செஹ்ராவத் என்னும் வீரரைத் தமிழ்த் தலைவாஸ் அணியினர் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தனர். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம்பட்டது. அப்பருவம் முழுவதும் அவர் களமிறங்க இயலவில்லை. அடுத்த பருவத்தில் அதைவிட அதிக விலைக்கு வேறோர் அணி அவரை எடுத்துக்கொண்டது உண்மையே. ஆனால் அவர் தேசம் அறிந்த வீரர். பெயர் வெளிவராத ஒரு வாலிபனுக்கு அதே காயம் ஏற்பட்டிருந்தால், எந்த ஏலத்தில் எவர் அவனைக் கேட்டிருப்பார்? லீக்கில் உள்ள அணிகள் 12. ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர். அந்நிய நாட்டினரையும் சேர்த்து 300 பேருக்குமேல் அங்கே இடமில்லை. கிராமத் திடல்களில் பாடுகிறவர்களோ ஆயிரமாயிரம் பேர்.

‘விளையாட்டை விளையாட்டாக ஆட வேண்டும், அதில் காசு பேசுவது இழுக்கு’ என்று சிலர் கூறுவர். வயிறு நிறைந்தவர்களின் வேதாந்தம் இது. இங்கிலாந்திலும் கனவான்கள் இப்படித்தான் பேசினர். அந்நாட்டின் வடபகுதியில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ரக்பி என்னும் பந்தாட்டம் ஆடிவந்தனர். சனிக்கிழமை ஆடினால் அன்றைய கூலி போயிற்று. போன கூலியையாவது ஈடு செய்யுங்கள் என்று கேட்டபோது, ஆட்டத்தின் தலைமைச் சங்கத்தார் 1893-ல் மறுத்துவிட்டனர். 1895 ஆகஸ்டு 29-ல் ஹட்டர்ஸ்பீல்டு நகரத்து ஹோட்டல் ஒன்றில் வடபகுதிச் சங்கங்கள் கூடித் தனியே பிரிந்தன. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் ஈடு கொடுக்க ஏற்பாடாயிற்று. 13 பேர் ஆடும் ரக்பி லீக் என்னும் தொழில்முறை ஆட்டம் அப்பிரிவினையிலிருந்து வளர்ந்ததே. காசு வேண்டாமென்ற பழைய சங்கத்தாரும், சரியாக நூறு வருஷம் கழித்து 1995-ல், ஊதியத்தை ஒப்புக்கொண்டனர்!

தொழிலாளர் பக்கம் நின்ற அச்சங்கத்தார் 1898-ல் செய்த மற்றொரு விதியே நம் கவனத்திற்கு உரியது. ஆடுபவன் ஊதியம் பெறலாம். ஆனால் ஆட்டத்தைத் தவிர உண்மையான வேறொரு தொழிலும் அவனுக்கு இருந்தாக வேண்டும் என்றனர். விதி கடுமையானதுதான், அது நீடிக்கவுமில்லை. எனினும் அதனுள் ஒரு விவேகம் இருந்தது. கால் ஓயும் நாளை அவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்கள்.

இப்பொழுது வேப்பந்தட்டைப் பெரியவருக்கு நாம் பதில் கூறலாம். பையனைத் தடுக்க வேண்டாம். அவன் ஆடட்டும், ஊதியமும் பெறட்டும், அதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் கல்லூரியை விட வேண்டாம். விளையாட்டு வீரருக்கென அரசாங்க உத்தியோகங்களில் ஒதுக்கியுள்ள இடத்திற்குப் போட்டியிடவும் படிப்புத் தேவை; காயம்பட்டுத் திரும்பினால் பிழைக்கவும் அதுவே துணை.

தகப்பனாருக்குப் புத்தி கூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? ஊர்தோறும் பந்தயம் நடத்திப் பரிசுத் தொகையைச் சுவரொட்டியில் பெரிதாக அச்சிடும் அன்பர்களை நாம் கேட்கிறோம்: ஆட்டத்தில் எலும்பு முறிந்தவனுடைய வைத்தியச் செலவு யாருடையது? பரிசில் ஒரு பகுதியைக் குறைத்தேனும் ஆடுபவர் அனைவருக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் எடுப்பது நடத்துவோரின் கடமையென விதி செய்தல் வேண்டும். திடலருகே முதலுதவி தெரிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டும். மண்ணில் பழகிய கால்கள் பெரிய போட்டிகளில் விரிப்பின்மேல் ஆட நேர்வதால், தாலூகாவுக்கு ஒரு விரிப்புக் களமாவது அமைய வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் மாணவனுக்கு வருகைப் பதிவிலும் பரீட்சையிலும் சலுகை அளித்துப் படிப்பைத் தொடர வழி செய்தல் கல்லூரிகளின் பொறுப்பு.

இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. தேசத்தின் புகழுக்காக ஒருவன் தன் முழங்காலைப் பணயம் வைக்கும்போது, கைதட்டுவதோடு நாம் நின்றுவிடுதல் நியாயமாகாது. அவன் மூச்சடக்கிப் பாடும் நேரம் 30 விநாடி. அதன் பின்னே அவன் வாழ வேண்டிய ஆயுளோ நீண்டது. அந்த ஆயுளுக்கும் வழி செய்வதே உண்மையான ஊராபிமானம்.