முற்றம் உள்வாங்கினால்: சில சந்தேகங்களும் விளக்கங்களும்

அடைமழை ஓய்ந்ததும் கழுகுமலைப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "நேத்துவரை நல்லா இருந்த இடம், கால் வச்சா பொதக்குன்னு உள்ளே போகுது." வீட்டையே விழுங்கும் குழிகளைக் கைபேசியில் பார்த்துவிட்டால் பயம் இரட்டிப்பாகும். அடிக்கடி காதில் விழும் சந்தேகங்கள் இவை.

அந்த மாதிரிக் குழி நம்ம ஊரிலும் விழுமா?

இயற்கையாக அப்படி விழ, கீழே சுண்ணாம்புக்கல் போலக் கரையும் கல் வேண்டும். மழைநீர் அதை மெல்லக் கரைத்துப் பொந்தாக்கும். கூரை மெலிந்து ஒருநாள் இடியும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு அப்படித்தான் உண்டானது. ராமர் அம்பெய்து தண்ணீர் எடுத்த இடம் என்பார்கள், கதையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆந்திரத்தின் கடப்பா பக்கம் 2015 மழைக்குப் பின் குழிகள் விழுந்ததற்கும் அடியில் இருந்த சுண்ணாம்புக்கல்லே காரணம். கழுகுமலைக் கல் வேறு ஜாதி. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டுவான் கோயிலைச் செதுக்கியது கருங்கல்லில். மழைக்குக் கரைந்து பொந்து விழும் கல் அல்ல அது.

கரிசலுக்கு அடியில் சுக்கான் கிடக்கிறதே, அதுவும் சுண்ணாம்புதானே?

நல்ல கேள்வி. சுண்ணாம்புதான். ஆனால் மண்ணுக்குள்ளேயே உறைந்த கட்டிகளும் மெல்லிய படுகையுமே அது. வீட்டை விழுங்கும் குகைக்கு அதில் இடமில்லை.

பிறகு என் முற்றம் ஏன் இறங்குகிறது?

பெரும்பாலும் மனிதக் கை பட்ட இடமாக இருக்கும். முதல் சந்தேகம் தூர்த்த கிணற்றின் மேல். தண்ணீர் வற்றியதும் குப்பை, முள், இடிந்த சுவர் எல்லாவற்றையும் தள்ளி மேலே மண் போட்டு, பத்து வருஷம் கழித்து மனை போட்டு விற்றிருப்பார்கள். உள்ளே போட்டது மக்க மக்க மேல்மண் இறங்கும். தெருவில் வயதானவர்களிடம் "இங்கே முன்னால என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தில் பழைய கிணறு குறித்திருக்கவும் வாய்ப்புண்டு. அடுத்தது மூடி பலவீனமான செப்டிக் டேங்க். பிறகு, உடைந்த குழாய். கசியும் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். மேலே தரை மட்டும் தோலாக நிற்கும். சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதும் இயற்கையின் வேலை அல்ல. கீழே மெட்ரோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கோடை வெடிப்பா, பள்ளமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் கம்பை விட்டால் முழங்கை ஆழம் போகும் வெடிப்பு புதிதல்ல. அது தரை முழுக்கப் பாளம் பாளமாக ஓடும், மழை பெய்ததும் மூடிக்கொள்ளும். பள்ளம் அப்படியல்ல. ஒரே இடத்தில் தட்டுப்போலக் குழியும், சுற்றிலும் வளைவாகக் கீறல் விழும். மழைநீர் அங்கே சுழித்துக் காணாமல் போகும். பக்கத்துக் கம்பம் சாயும், நேற்றுவரை சாத்திய கதவு பிடிக்கும். சுவரில் கீறல் என்றால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் பொறியாளரை அழைக்க வேண்டியதுதான்.

பள்ளம் விழுந்தேவிட்டால்?

எட்டிப் பார்க்காதீர்கள். விளிம்புக்கு அடியில் மண் அரித்துப் போயிருக்கும். சற்றுத் தள்ளியே கயிறு கட்டி, வேலிமுள்ளையும் போட்டு, பிள்ளைகளையும் ஆட்டையும் அண்டவிடாதீர்கள். சுவரை ஒட்டி விழுந்திருந்தால் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். மோட்டாரை நிறுத்தி, கூரைத் தண்ணீரை வேறுபக்கம் திருப்பிவிடுங்கள். செப்டிக் டேங்க் என்றால் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும், காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்பமாட்டார். பேரூராட்சிக்கும் விஏஓவுக்கும் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, தீயணைப்பு 101.

ரெண்டு டிராக்டர் மண் கொட்டினால் போதாதா?

காரணம் தெரியாமல் கொட்டினால் அடுத்த மழையில் அதுவும் உள்ளே போகும். இளகின மண்ணைக் கெட்டித் தரை தட்டும்வரை எடுத்து, அடியில் பெருங்கல், மேலே சின்னக் கல், பிறகு சரள் என்று அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். கிணறாக இருந்தால் தோண்டும்போது ஓரம் சரியும். அனுபவமுள்ள ஆளை வைத்தே செய்யுங்கள். கரிசலையே அள்ளிப் போட்டு மூடாதீர்கள். அடுத்த சித்திரையில் அது சுருங்கி, அதே இடத்தில் வட்டமாக வெடித்து நிற்கும்.